மதினி, உங்க பலகைக்குக் கண்ணு தெரிஞ்சிருச்சு

கறியில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, ஆளுக்கு முன்னால் "உப்பு தூக்கலா?" என்று என்னையே கேட்கும் என் மதினிக்கு,

முதலில் ஒரு விசயத்தை ஒத்துக்கொண்டு விடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்க காதுக்கு வந்தால் இன்னும் அசிங்கம். ஐப்பசி கடைசியில் உங்க பலகையை முந்தானைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போய், நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மந்திரித்துக் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டு வந்தேன். குழந்தை என்று நினைத்துப் பூசாரி எலுமிச்சம்பழத்தைக் கையில் எடுத்துவிட்டார். "புள்ள எங்க?" என்று கேட்டார். நான் முந்தானையை விலக்கினேன்.

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுக்கு என்ன நட்சத்திரம்?" என்றார்.

"தெரியாதுங்க சாமி. குவைத்துலருந்து வந்தது."

நல்ல மனுசன். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கயிற்றைக் கட்டி, திருநீறும் போட்டு அனுப்பினார். சிரிக்காதீங்க மதினி. நீங்க இருந்திருந்தால் நீங்களும்தான் கூட வந்திருப்பீங்க. எலுமிச்சம்பழத்தையும் விடாமல் வாங்கிக்கொண்டு வந்து ஊறுகாய் போட்டிருப்பீங்க.

இதை வேறு யாராவது படித்தால் விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்லிவிடுகிறேன். பலகை என்றால் டெப், முகம் பார்த்துப் பேசுகிற பெரிய போன் மாதிரி. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்யும் எங்க சுதா, மதினியின் ஒரே மகள், நாலு வருசத்துக்கு முன்னால் அனுப்பி வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அதில் பேசுவாள். மதினி அதை டெப் என்று ஒருநாளும் சொன்னதில்லை, பலகைதான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு ஏந்துகிற மாதிரி ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசுவார். அதனால் குவைத்தில் இருக்கிற பிள்ளைக்கு மூன்று வருசமும் அம்மாவின் மூக்குத் துவாரமும் எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக் கூரையும்தான் தெரிந்தது.

அந்த மூக்கு சும்மாவும் இருக்காது. ரொட்டிக்கு மாவு பிசையும் நேரம் பார்த்துத்தான் சுதா கோல் எடுப்பாள். கை இரண்டிலும் மாவு. நீங்க குனிந்து மூக்கால் ஒரு தட்டுத் தட்டி, "ஹலோ மகள்" என்பீங்க. நான் அடுப்படியில் உருண்டு சிரிப்பேன். "ஏன்டி சிரிக்கிற? இந்த மூக்குக்கு இருக்கிற புத்தி ஒன் கைக்கு இருக்கா?" என்பீங்க. இப்போது நானும் மூக்கால்தான் தட்டுகிறேன் மதினி. உங்க மூக்கு அளவுக்குக் கூர்மை இல்லை. மூன்று தடவை தட்டினால்தான் எடுக்கிறது.

சரி, கதைக்கு வருகிறேன்.

புரட்டாசியில் ஆயுத பூசை வந்தது. நீங்க இல்லாத முதல் பூசை. ஒரு குறையும் வரக்கூடாது என்று நானே எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். அண்ணன் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி, என் கொழுந்துக் கூடை, அரிவாள்மனை, குடை, எல்லாவற்றோடும் உங்க பலகை. கத்திக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை பலகைக்கும். பிறகு துடைத்து, பழையபடி துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன்.

அடுத்த ஞாயிறு சுதா எடுத்தாள். அவள் முகம் எங்களுக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவளுக்குத்தான் எங்களைத் தெரியவில்லை.

"அத்த, எல்லாம் மஞ்சளாத் தெரியுது. அங்க பனியா?"

"பனிதான்டி. கை நீட்டினா கை தெரியல."

பொய் இல்லை. அன்றைக்குப் பனிதான். அடுத்த ஞாயிறும் பனி. அதற்கடுத்த ஞாயிறு மழையோடு பனி. மூன்று கிழமையும் நாங்கள் பனியையே திட்டிக்கொண்டிருந்தோம். பனி ஏன் மஞ்சளாக இருக்கிறது என்று சுதா கேட்டதற்கு, அது ஃபெக்டரிப் புகை கலந்த பனி என்று உங்க வீட்டுக்காரர் விளக்கம் சொன்னார். நாற்பது வருசம் தோட்டத்தில் வேலை பார்த்த மனுசன் சொன்னால் நம்பாமல் இருக்க முடியுமா?

நாலாவது ஞாயிறு வெயில் மண்டையைப் பிளந்தது. எதிர்மலையில் கொழுந்து எடுக்கிற ஆளுடைய மூக்குத்திகூடத் தெரியும். சுதா எடுத்தாள். "அத்த, இன்னும் பனியா?"

பலகையின் கண்ணுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது. போதாக்குறைக்கு சார்ஜும் ஏறவில்லை. வயரைக் கோணலாகப் பிடித்துக்கொண்டு, பக்கத்திலேயே காவல் இருந்தால் கொஞ்சம் ஏறும். கண்ணும் மங்கி, சாப்பாடும் இறங்காமல் போனால் மனுசருக்கு என்ன சொல்வோம்? வயசாகிவிட்டது என்றுதான் நினைத்தோம். நான் ஒருபடி மேலே போய், மேல் லயத்துப் பாக்கியம் "என்னா பெரிசு, டீவி மாதிரி!" என்று வாயைப் பிளந்தது ஞாபகம் வந்து, கண்பட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன். அப்படித்தான் கறுப்புக் கயிறு வந்தது. கயிறு கட்டிய பிறகு சார்ஜ் ஏறுவது இன்னும் மோசம்.

ஒரு பழைய டெப்புக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்பீங்க. கார்த்திகையில் உங்க முதல் திவசம் மதினி.

நீங்க போன அன்றைக்கு சுதாவால் வர முடியவில்லை. அந்த வீட்டில் விடவில்லை. உங்க தலைமாட்டில்தான் பலகை இருந்தது. அது அடித்துக்கொண்டே இருந்தது. ஒப்பாரிச் சத்தத்துக்கு நடுவில் அடித்து, ஓய்ந்து, திரும்ப அடித்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான். என் கையில் மாவும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆனாலும் எடுக்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? உங்க முகத்தை எப்படிக் காட்டுவது? அவள் கடைசியாக ஒரு தடவை பார்த்திருப்பாளே. நான் ஏன் எடுக்கவில்லை மதினி?

அவள் இன்றுவரைக்கும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "திவசத்துக்காவது எல்லாத்தையும் காட்டுங்க அத்த. படையல், காக்காவுக்கு வைக்கிறது, அப்பா கும்பிடுறது, எல்லாம்" என்று மட்டும் சொன்னாள். காட்டுகிறேன் என்று உங்க படத்துக்கு முன்னால் சத்தியம் செய்தேன். சத்தியம் செய்து முடிக்கவும் பலகைக்குக் கண் போகவும் சரியாக இருந்தது.

லயத்தில் வேறு யாரிடமும் போன் இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் உங்க வீட்டுக்காரரைத்தான் உங்களுக்குத் தெரியுமே. அடுத்தவர் போனில் அண்ணன் "ம்" என்பதற்கு மேல் பேச மாட்டார், அழவும் மாட்டார். அந்தச் சின்னப் போனில் மகளுடைய முகம் அவர் கண்ணுக்குப் பிடிபடுவதும் இல்லை. என்னிடம் இருப்பதோ பட்டன் போன். அதில் பேச்சு மட்டும்தான் வரும், அதுவும் கல் மேல் ஏறி நின்றால்.

விசயம் தெரிந்ததும் சுதா என் பட்டன் போனுக்கு எடுத்தாள். நான் கல் மேல் ஏறி நின்றேன்.

"அத்த, புது டெப் வந்திருக்காம். இந்த வருசத்து மாடல். பதுளையில இருக்கும், போய் பாருங்க. நல்லா இருந்தா வாங்கிருவோம்."

"காசு என்ன மரத்துலயா காய்க்குது?"

"தையில வர்றதா இருந்தேன்ல, அத ஒரு ஆறு மாசம் தள்ளிப் போட்டா சரி. மேடம் முன்பணம் தர்றேன்னாங்க. நீங்க பாத்துட்டு சொல்லுங்க அத்த. வாங்கலாம்னு நீங்க சொன்னா நாளைக்கே கையெழுத்துப் போட்டுருவேன்."

நாலு வருசம் முடிந்து பொங்கலுக்கு வரவேண்டிய பிள்ளை. அவள் படுத்துக்கொள்ள அண்ணன் காம்பராவுக்குச் சுண்ணாம்புகூட அடித்துவிட்டார். நான் கல்லை விட்டு இறங்கிப் போய் அவரிடம் சொன்னேன். வெற்றிலையை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார். வாயில் போடவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது என் பின்னாலேயே வந்தார்.

"தங்கம், வாங்கினா அந்தப் புள்ளைக்கு அம்மா தெவசம் கெடைக்கும். வாங்காட்டி எனக்கு மக கெடைப்பா. நான் எந்த வாயால எதச் சொல்றது? நீயே போய் பாத்துட்டு வா."

பார்த்தீங்களா அநியாயத்தை? அப்பனும் மகளும் சேர்ந்து என் தலையில் கட்டிவிட்டார்கள். நாலாம் வகுப்போடு நின்றவள் நான். டெப் வாங்கலாமா வேண்டாமா என்று நான் தீர்ப்புச் சொல்ல வேண்டுமாம்.

சனிக்கிழமை அரைநாள் வேலையோடு பஸ் ஏறினேன். ஆரஞ்சுச் சேலை கட்டிக்கொண்டேன். உங்களுடையதுதான், கோபப்படாதீங்க. பலகையைத் துணியில் சுற்றிக் கூடைப்பைக்குள் வைத்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த அம்மா, "கேக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

பதுளையில் புதிதாக ஒரு கடை திறந்திருக்கிறார்கள். நீங்க பார்த்ததில்லை. நாலு பக்கமும் கண்ணாடி. செருப்போடு போகலாமா என்று வாசலில் நின்று யோசித்தேன். முன்னால் போனவர் செருப்போடு போனார், நானும் போனேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெண்பிள்ளை வந்து, "வாங்க ஆன்ட்டி" என்றாள். நம்ம சுதா வயசுதான் இருக்கும். புது டெப்பைக் காட்டச் சொன்னேன்.

மதினி, உள்ளதைச் சொல்கிறேன். பொல்லாத சாமான். ரொட்டியை விட மெல்லிசு. பார்த்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருக்கிறது. நாம் நகர்ந்தால் அதன் கண்ணும் நம்ம முகத்தோடு நகர்கிறது. நான் வேண்டுமென்றே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்ப் பார்த்தேன், விடாமல் வந்தது, கொழுந்து மலையில் நம்ம கங்காணி வருகிற மாதிரி. என் மூக்கோரம் ஒரு மரு இருக்கிறது, தெரியுமா? நாற்பத்தெட்டு வருசமாகக் கூடவே இருந்திருக்கிறது. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்தேன்.

"இது ஒன்பதாவது ஜெனரேசன் ஆன்ட்டி" என்றாள்.

"அப்படீன்னா?"

"தலைமுறை. ஒன்பதாவது தலைமுறை."

"ஏம்மா, கடல் தாண்டி வந்து இந்த லயத்துல குடியிருக்கிற நாங்களே அஞ்சாந் தலைமுறைதான். இது அதுக்குள்ள ஒன்பதா?"

"வருசத்துக்கு ஒண்ணு வரும் ஆன்ட்டி."

"எட்டாவது செத்துப்போச்சா?"

"இல்ல, அந்தா இருக்கு. அது கொஞ்சம் வெல கொறவு."

அப்பனையும் மகனையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்கப் போட்டிருக்கிறார்கள். ரெண்டையும் எடுத்துப் பார்த்தேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மகனுக்கு ஒரு பேனா இருக்கிறது, கண்ணாடி மேலேயே எழுதலாம். முகத்தைப் பார்த்ததும் தானே திறந்துகொள்ளும். காலையில் சார்ஜ் போட்டால் மறுநாள் வரைக்கும் நிற்கும்.

"தலையில துண்டு கட்டியிருந்தாலும் மொகம் தெரியுமா? எங்க பக்கம் காலையில குளிரு."

"தெரியும் ஆன்ட்டி."

"படையல் காட்டுமா?"

"என்ன படையல்?"

"எங்க மதினிக்கு தெவசம் வருது. மக வெளிநாட்டுல இருக்கு. அதுக்குக் காட்டணும்."

அந்தப் பிள்ளை அதுவரைக்கும் மனப்பாடம் செய்த மாதிரி பேசிக்கொண்டிருந்தவள், டெப்பை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "காட்டும் ஆன்ட்டி. நல்லாக் காட்டும்" என்றாள். பிறகு விலையைச் சொன்னாள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், உள்ளே பழைய பலகையைத் தவிர ஒன்றுமில்லை என்றாலும்.

அதையும் எடுத்துக் காட்டினேன். கறுப்புக் கயிற்றைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிக்கவில்லை, நல்ல வளர்ப்பு. மிச்சமிருந்த கொஞ்ச சார்ஜில் கேமராவைப் போட்டுப் பார்த்தாள். எல்லாம் மஞ்சள். "கேமரா போயிருச்சு ஆன்ட்டி. பழைய மாடல், பார்ட்ஸும் வராது. இத வச்சு ஒண்ணும் செய்ய ஏலாது" என்றாள்.

சரி, முடிந்தது என்று வெளியே வந்தேன். மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன். வாங்கலாம். அம்மாவின் சாவுக்குப் போன் எடுக்காதவள், அம்மாவின் திவசத்தையும் காட்டாமல் விட்டால் அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி முழிப்பேன்? ஆறு மாசம்தானே. அண்ணன் அடித்த சுண்ணாம்பு அதற்குள் உதிர்ந்துவிடாது. இப்படியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வெற்றிலையை மடித்து மடித்துப் பிரித்த அண்ணன் கை கண்ணுக்குள் வந்தது. நம்ம பக்கம் போகிற தெமோதரை பஸ் ஒன்று வந்தது. ஏறாமல் விட்டேன்.

சுதாவுக்கு அங்கேயிருந்தே சொல்லிவிடலாம், வீட்டுக்குப் போனால் அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல வராது என்று தோன்றியது. பட்டன் போனில் காசு இல்லை. பலகையில் இருந்த கொஞ்ச சார்ஜும் கடையிலேயே தீர்ந்திருந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு ஆள் நிற்கிற அளவில் ஒரு போன் ரிப்பேர்க் கடை. தொப்பி போட்ட ஒரு முஸ்லிம் நானா, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நானா, ஒரு பத்து நிமிசம் இதுக்கு சார்ஜ் போட்டுத் தருவீங்களா? கோணலாப் புடிச்சாத்தான் ஏறும், நானே புடிச்சுக்கிறேன்."

"நீங்க ஏன் புடிக்கணும்? தாங்க தங்கச்சி."

வயரைச் சொருகினார். போகவில்லை. திருப்பிச் சொருகினார். போகவில்லை. பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அந்த ஓட்டைக்குள் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஊசியால் லேசாகக் கிண்டினார். வெள்ளைத் தூள் கொட்டியது. திரும்பக் கிண்டினார். திரும்பக் கொட்டியது.

"தங்கச்சி, நீங்க எந்தக் கோயிலுக்குப் போறீங்க?"

"ஏன் நானா?"

"இவ்வளவு துந்நூறு நான் எங்கயும் பார்த்ததில்ல."

எனக்கு அப்போதே காது சூடாகிவிட்டது. அவர் பலகையை நிமிர்த்தி, அதன் முகத்தைப் பார்த்தார். மேல் ஓரத்தில், நடுவில், நம்ம நெற்றி இருக்கிற இடத்தில் விரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினார். மஞ்சளாக, அரிசி அளவுக்கு ஒரு பொருக்கு உதிர்ந்தது. எடுத்து மோந்து பார்த்தார்.

"சந்தனம்" என்றார்.

மதினி, ஆயுத பூசைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மரியாதை என்று சொன்னேன் அல்லவா? அந்த மரியாதை சந்தனப் பொட்டுதான். கத்திக்குப் பிடியில் வைத்தேன். கூடைக்கு விளிம்பில் வைத்தேன். பலகைக்கு எங்கே வைப்பது? முகம் மாதிரி இருக்கிறது, நெற்றியில்தான் வைக்க வேண்டும். நெற்றி நடுவில் சின்ன வட்டமாக ஒரு குழி வேறு இருந்தது. பொட்டு வைக்கத்தான் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். பின்பக்கமும் ஒரு வட்டம் இருந்தது. அதையும் ஏன் விடுவானேன் என்று அதற்கும் ஒன்று. அடியில் ஒரு ஓட்டை இருந்ததால் அங்கே திருநீறு. அப்புறம் பூசாரி வேறு தன் பங்குக்கு ஒரு கை போட்டிருக்கிறார். மேலே துடைத்தேனே தவிர, குழிக்குள் அடைந்து காய்ந்தது எனக்கு எப்படித் தெரியும்?

பூசையிலிருந்து சுதாவுடைய ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எல்லாவற்றையும் நானாவிடம் சொன்னேன். அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தண்ணியில போட்டுட்டு வருவாங்க. கீழ போட்டுட்டு வருவாங்க. பூசை போட்டுட்டு வந்தது நீங்க ஒரு ஆள்தான் தங்கச்சி."

பஞ்சில் எதையோ தொட்டுப் பலகையின் ரெண்டு கண்ணையும் துடைத்தார். கேமராவைப் போட்டுக் காட்டினார். பஸ் ஸ்டாண்ட் தெரிந்தது. பஸ் போர்டில் உள்ள எழுத்துத் தெரிந்தது. ஆரஞ்சுச் சேலையில் நான் தெரிந்தேன், மரு உட்பட. அவருடைய முக்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

இருந்தாலும் கேட்டேன். "நானா, உங்க மகளா இருந்தா என்ன சொல்லுவீங்க? புதுசு வாங்கலாமா வேணாமா? வாங்கினா எங்க புள்ள இன்னும் ஆறு மாசம் குவைத்துல இருக்கணும்."

அவர் கடையிலும் புதுசு ஒன்று இருந்தது மதினி. விற்றால் அவருக்கு லாபம். ஆனால் யோசித்துத்தான் சொன்னார். "புதுசு நல்ல சாமான்தான், குத்தம் சொல்ல மாட்டேன். படம் வரையிற ஆளு, படிக்கிற புள்ள, அதுல வேல செய்றவங்க, அவங்க வாங்கட்டும். நீங்க இதுல என்ன செய்றீங்க? ஞாயித்துக்கெழம மொகம் பாக்குறீங்க. அதுக்கு இது இன்னும் ரெண்டு வருசம் தாங்கும். மொகம் பாக்க சாமான் வாங்கப்போயி, மொகத்த ஆறு மாசம் பாக்காம இருக்கணுமா?"

எனக்கு வேறு தீர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

அங்கேயே சார்ஜ் ஏற்றி, அங்கேயே சுதாவுக்குக் கோல் எடுத்தேன். பழக்க தோசத்தில் மூக்கால் தட்டினேன். நானா அதையும் பார்த்துவிட்டார். மேசை லாச்சியைத் திறந்து, முனையில் ரப்பர் வைத்த ஒரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். மினுமினுவென்று வெள்ளி நிறம். "இதால தட்டுங்க. மூக்கு பாவம்" என்றார். காசு கொடுத்தால் வாங்கவில்லை. அடுத்த தடவை நல்ல தேயிலைத் தூள் கொண்டுவரச் சொன்னார்.

பலகையில் சுதா வந்தாள். என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அத்த! ஒங்க மூக்குல மரு இருக்கா?"

"நாப்பத்தெட்டு வருசமா இருக்கு. ஒனக்கு இப்பத்தான் தெரியுதா?"

"புதுசு வாங்கிட்டீங்களா? இவ்வளவு தெளிவா இருக்கு."

"இது ஒங்கம்மா பலகதான்டி. கண்ணு தெரிஞ்சிருச்சு. கையெழுத்தும் வேணாம், காலெழுத்தும் வேணாம். தைக்கு வந்து சேரு."

அவள் தலையில் கட்டியிருந்த துணியை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கும் வரணும் போலத்தான் இருந்துச்சு அத்த" என்றாள். நானும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பஸ்ஸைப் பார்த்தோம்.

லயத்துக்கு வந்து அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "நெத்தியில பொட்டா வச்ச?" என்று ஒரே ஒரு கேள்வி. பிறகு பீலிக்குப் போய் முகம் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார். வந்து, மடித்து வைத்திருந்த வெற்றிலையை வாயில் போட்டார்.

போன வெள்ளிக்கிழமை உங்க திவசம். மழை விட்டுத் தந்தது. பலகையை மல்லிகைத் தொட்டியில் சாய்த்து வைத்து, சுதாவுக்கு எல்லாவற்றையும் காட்டினேன். உங்க படம், மாலை, விளக்கு, அண்ணன் கட்டியிருந்த புது வேட்டி. ஒவ்வொரு சட்டியாகத் திறந்து காட்டினேன். கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, பால்சோறு, ரொட்டியும் காரமான கட்டாச் சம்பலும். குழம்பில் உப்பு தூக்கலாகத்தான் போட்டேன், உங்களுக்காக. அண்ணன் விழுந்து கும்பிட்டார். அந்தப் பக்கத்தில், அந்த வீட்டுச் சமையலறைத் தரையில், சுதாவும் விழுந்து கும்பிட்டாள். போன வருசம் நான் எடுக்காத அந்த அழைப்பை எடுத்த மாதிரி இருந்தது மதினி. உங்களுக்கு அப்படி இருந்ததா?

இனிமேல் பலகை அடித்தால், என் கையில் மாவு இருந்தாலும் சரி, கண்ணில் தண்ணீர் இருந்தாலும் சரி, எடுப்பேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு. அடுத்த ஆயுத பூசைக்கு அதற்குப் பூ மட்டும்தான், அதுவும் தள்ளி நின்று. தையில் சுதாவைக் கூட்டி வந்து உங்க படத்துக்கு முன்னால் நிறுத்துவேன். அவளுடைய முகத்தைப் பார்க்க அன்றைக்கு நமக்குப் பலகை தேவைப்படாது.

இன்னும் ஒரு விசயம் பாக்கி. பலகை மேல் உங்களுக்கு அத்தனை ஆசை, அதைத் தட்டுகிற சாமானும் படையலில் இருக்க வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், நானா கொடுத்த அந்த வெள்ளிப் பேனாவையும் காக்கைக்கு வைத்த இலையின் ஓரத்தில் வைத்தோம். கூரையில் இலையை வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டோம். காக்கை வரவில்லை. சுதா மூன்று தடவை, "வந்துருச்சா அத்த?" என்று கேட்டாள். பிறகு ஒன்று வந்தது. இலையைச் சுற்றி ஒரு நடை நடந்தது. கருவாட்டைப் பார்த்தது, வடையைப் பார்த்தது. பேனாவைக் கவ்விக்கொண்டு சவுக்கு மரத்துக்குப் போய்விட்டது.

"அம்மா பேனாவ எடுத்துக்கிட்டுப் போறாங்க" என்றாள் சுதா. படம் தெளிவாகத்தான் இருந்திருக்கிறது.

இப்படிக்கு,
திரும்பவும் மூக்காலேயே தட்டிக்கொண்டிருக்கும்
உங்க நாத்தனார் தங்கமணி